பெட்டிக்குள் வைக்காத புளியங்கொட்டை

பாகூர் ஏரியை வைத்து ஓர் அட்டை விளையாட்டு செய்தேன். கடைசி வயலுக்கு முதலில் தண்ணீர் சேர்ப்பவருக்கு வெற்றி. புது விளையாட்டுகளை ஆடிப் பார்த்து விமர்சிக்கும் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, மூன்று மாதம் ஏங்கிக் கிடந்தேன். 'விளையாடவே முடியவில்லை' என்று ஒரே வரியில் விமர்சனம் வந்தது.

"கிராமத்தான் செஞ்சா இளக்காரமா?" என்று கடிதம் எழுதி ஒட்டும்போது, மனைவி ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"தாயம் போடத் தேய்ச்ச புளியங்கொட்டை இங்கியே கீது. அவரு இன்னாத்தப் போட்டு ஆடுவாரு?"

"அது இல்லாத வூடு ஏதுடின்னுதான் வைக்கல."

"மெட்ராஸுல போய்த் தேடுங்க!"

கடிதத்தைக் கிழித்தேன். கொட்டைகளை மன்னிப்புடன் அனுப்பினேன், பதில் இல்லை. இப்போதெல்லாம் எதைச் செய்தாலும், முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆடக் கொடுத்து, வாய் திறக்காமல் பார்க்கிறேன். ஆனாலும் பத்திரிகை வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். எங்கோ ஒரு மேசையில் என் ஏரி, மதகு திறக்காமல் நிரம்பிக் கிடக்கிறது.