அன்ரோனெற் மாப்பிள்ளை வீடு பார்த்த கதை

பள்ளிமுனை அன்ரோனெற்றுக்கு வயரிங்தான் தொழில். ஏணியில் ஏறினால் இறங்கமாட்டாள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். என் ஒன்றுவிட்ட தங்கைதான், அதற்காக உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? பெருநாளுக்குக் கோயிலடியில் லைற் கட்டிக்கொண்டு நின்றவளை வங்காலை றொசாந்தன் அண்ணாந்து பார்த்தான். அன்றைக்கே விழுந்தான். அவளும்தான். இரண்டு வீடும் சம்மதிப்பதுதான் பாக்கி.

அதற்காகத்தான் மாப்பிள்ளை வீடு பார்க்க வங்காலைக்குப் போனோம். அவளுக்குச் சேலை கட்டிவிட்டு, "இண்டைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரு" என்று கும்பிடாத குறையாகக் கேட்டேன். "ஓமக்கா" என்றாள். நானும் நம்பினேன், பாருங்கள்!

றொசாந்தனின் தகப்பன் லோறன்ஸ் மீன் வியாபாரி. எங்களுக்குக் குளிரக் குளிரச் சோடா எடுக்க எழுந்தவர், மீன் வைக்கிற பிறீசர் பெட்டிக்கு முன்னால் கிடந்த றப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் மூடியைத் திறந்தார். வீட்டுக்குள் செருப்பு எதற்கென்று அன்ரோனெற் கேட்டாள்.

"வெறுங்காலோட தொட்டால் கொஞ்சம் கறண்ட் அடிக்கும் பிள்ளை. அதுக்குத்தான் இது" என்றார் பெருமையாக. "முந்தி, கறண்ட் கசிஞ்சால் தானா நிப்பாட்டுற ட்ரிப் சுவிச் விழுந்து விழுந்து மீனெல்லாம் பழுதாப் போச்சு. அதைக் கழட்டிப்போட்டு நேர வயர் குடுத்தாப்பிறகு ஒரு கரைச்சலும் இல்லை."

அன்ரோனெற்றின் கைப்பையிலிருந்து கறண்ட் பார்க்கிற டெஸ்ரர் வெளியே வந்தது. பிறீசரில் வைத்தாள், டெஸ்ரரின் லைற் எரிந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே போய் மெயின் சுவிச்சை இறக்கிவிட்டாள். விசிறிகள் நின்றன. எனக்கு மூச்சும் நின்றது.

லோறன்ஸ் கொதித்தார். "வீடு பாக்க வந்த பொம்பிளை கறண்டை நிப்பாட்டுறதோ? எத்தினை வருசமா இப்பிடித்தானே இருக்கிறம், ஆரும் செத்தவையோ?"

எங்கள் மானம் கப்பலேறிவிட்டது என்று நான் கதிரையில் குறுகினேன்.

"மாமா, நீங்கள் செருப்புப் போடுவியள். நாளைக்கு என்ர பிள்ளை தவழ்ந்து வந்து இந்தப் பெட்டியைப் பிடிச்சால்?" என்றாள் அன்ரோனெற்.

கலியாணமே பேசி முடியவில்லை, பிள்ளை தவழ்கிறதாம்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. றொசாந்தன் வெட்கத்தில் சுவரைப் பார்த்து நின்றான். லோறன்ஸ் சிரிக்கவில்லை. பிறீசருக்கு முன்னால் ஈரமாகக் கிடந்த சீமெந்துத் தரையையே பார்த்தார். அவர் கண் கலங்கியது.

றொசாந்தன், "அப்பா, மீன் பழுதாகப் போகுது" என்று சுவிச்சை நோக்கி நடந்தான்.

"தொடாதை!" லோறன்ஸ் போட்ட சத்தத்தில் நானே எழும்பிவிட்டேன். "மீன் நாறினால் நாறட்டும். என்ர மருமகள் சொல்லாமல் அந்தச் சுவிச்சில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது!"