நார்மன் ராப்சனின் நட்சத்திரம்

எட்னா ராப்சனின் வாய்க்கு வட இங்கிலாந்தின் அந்த டர்ஹாம் சுரங்க ஊரே பயப்படும். கரிவண்டிக்காரன் ஒரு மூட்டை குறைத்துப் போட்டால் தெருமுனை வரை அவனைத் துரத்திக்கொண்டு போய்த் திட்டுவாள். பாதிரியார்கூட அவள் வருகிறாள் என்றால் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார். இருபத்தாறு வயதில் தாலியறுத்தவளுக்கு வேறு என்ன துணை இருந்தது, வாயைத் தவிர? இரண்டாம் உலகப் போரின்போது குண்டுத் தொழிற்சாலையில் வெடிமருந்து அடைத்து முடியெல்லாம் மஞ்சளாகிப் போனவள். போர் முடிந்ததும் முன்னாள் சிப்பாய்களின் சங்கத்தில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

புருஷன் நார்மன் பாலைவனத்தில் ஐந்து மாதம் மணலைத் தின்றவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ஜூனில், லிபியாவில், கஸாலா சண்டையில் செத்துப்போனான். ஆறு வருஷம் கழித்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் அவன் பதக்கங்கள் தபாலில் வந்தன. அதில் ஆப்பிரிக்க நட்சத்திரமும் இருந்தது, மணல் நிற ரிப்பனோடு. செத்தவனின் பதக்கத்தைச் சொந்தக்காரர்கள் வலது மார்பில்தான் குத்திக்கொள்ள வேண்டும். இடது மார்பு, சம்பாதித்தவனுக்கு. ஒவ்வொரு நவம்பரிலும், போரில் செத்தவர்களை நினைக்கும் நாளில், எட்னா அப்படித்தான் குத்திக்கொண்டு போர் நினைவுத் தூணுக்குப் போவாள். யாரும் எதுவும் சொன்னதில்லை.

சொல்ல ஆரம்பித்தவன் சிரில் பாட்டிசன். சங்கச் செயலாளர். நாற்பத்து மூன்று மார்ச்சில் திரிபோலியில் இறங்கி, படைக்கு ரொட்டி சுட்டுப்போட்டுவிட்டு வந்தவன். பீரங்கிச் சத்தத்தைக் காதால் கேட்டவன் இல்லை. ஆனால் அவன் ரிப்பனில், வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்ட பிரிட்டிஷ் படையின் பெயரான 'எட்டாம் படை' பொறித்த பட்டை இருந்தது. ஊரில் அதை 'எட்டு' என்பார்கள். நாற்பத்திரண்டு அக்டோபர் இருபத்து மூன்றிலிருந்து அடுத்த மே பன்னிரண்டு வரை அந்தப் படையில் இருந்தவனுக்கு எட்டு உண்டு. அதற்கு ஒரு நாள் முன்னால் கை, கால், உயிர் எதைக் கொடுத்திருந்தாலும் வெறும் நட்சத்திரம்தான். இப்படி ஒரு கணக்குப் போட்ட புண்ணியவான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தானோ!

ஐம்பத்தொன்றில் சங்கச் சுவரில் ஒரு ஓக் பலகை மாட்டுவதாக முடிவு செய்தார்கள். 'எட்டாம் படையில் உயிர்நீத்த நம்மவர்' என்று தலைப்பு, கீழே தங்க எழுத்தில் பெயர்கள். அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி விருந்தில் திறப்பு. எட்னா அதற்கு முந்தைய வாரம் பலகையைத் துடைக்கப் போனவள் எண்ணிப் பார்த்தாள். ஐந்து பெயர். நார்மன் பெயர் இல்லை.

நேராகச் செயலாளர் அறைக்குப் போனாள்.

"மிஸ்டர் பாட்டிசன், என் வீட்டுக்காரர் பேர் எங்க?"

"குழுவுல பேசி முடிவெடுத்தாச்சு, மிசஸ் ராப்சன். எட்டு வாங்குனவங்க பேர் மட்டுந்தான் போடுறோம். சட்டம் அப்படி. நார்மன் போனது ஜூன்ல."

"ஓகோ! அக்டோபர் வரைக்கும் சாவைத் தள்ளிப்போட்டிருக்கணுமா அவரு?"

"கோபப்பட்டு என்ன ஆகப்போவுது? எல்லாரும் கை தூக்கித்தான் முடிவு பண்ணுனோம். டாமியும் தூக்குனான்."

இதுதான் அவளைச் சுட்டது. சிரில் பள்ளிக்கூடத்திலேயே கோள்சொல்லி, அவனிடம் என்ன எதிர்பார்ப்பது? டாமி கோல்டார்ட் அப்படி இல்லை. கஸாலாவில் நார்மனுக்குப் பக்கத்துக் குழியில் கிடந்தவன். உயிர் தப்பி, அக்டோபருக்குப் பிறகும் சண்டை போட்டு எட்டு வாங்கி, நார்மனின் கைக்கடிகாரத்தை அவள் கையில் கொண்டுவந்து கொடுத்தவன். அவனும் கை தூக்கினானா? பாவி!

அந்தச் சனிக்கிழமையே நியூகாசில் போய்ப் பழைய சாமான் கடையில் ஒரு எட்டு வாங்கினாள். எவனோ குடிக்கக் காசில்லாமல் விற்றது. வீட்டுக்கு வந்து நார்மன் ரிப்பனில் ஊசி நூலால் இறுக்கித் தைத்தாள்.

விருந்தன்று பதினான்கு பேர் மேசையில். எட்டு இல்லாதவனுக்கு அங்கே இடம் கிடையாது. பலகையை மூடியிருந்த கொடியைச் சிரில் இழுத்தான், எல்லாரும் கை தட்டினார்கள். தட்டுகளில் குழம்பு ஊற்றியாகியிருந்தது; எட்னா மாட்டிறைச்சித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ஏப்ரனுக்கு மேல், வலது மார்பில், நட்சத்திரம். அதில் எட்டு.

சிரில் முகம் பீட்ரூட் ஆனது.

"இது என்ன கூத்து? நார்மனுக்கு எட்டே கிடையாது. இது குற்றம், தெரியுமா? கழட்டு!"

"நீயே வந்து கழட்டு, சிரில்." மிஸ்டரெல்லாம் பறந்துபோயிருந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு அவன் நாற்காலிக்கு ஓரடி தள்ளி வந்து நின்றாள். "வா. உன் பொண்டாட்டி சமையலறை ஜன்னல்லதான் நிக்கிறா. எல்லாரும் பாக்கட்டும்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிரில் கை பாதி எழுந்து முட்கரண்டிக்குத் திரும்பிவிட்டது.

"டாமி, நீ சொல்லு அவளுக்கு. உன் பேச்சக் கேப்பா."

டாமி தட்டைப் பார்த்துக்கொண்டே, "எட்னா, வேணாம் கண்ணு, உள்ள போ" என்றான்.

"கண்ணுன்னு கூப்பிடாத. கை தூக்குனவன் வாயி அது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லிட்டு அப்புறம் துரத்து. ஜூன் மாசம் அந்தக் குழியில நீயும் அவரும் கிடந்தீங்களே, அன்னைக்கி நீங்க எந்தப் படை?"

குழம்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"எந்தப் படைடா?"

"எட்டாம் படை" என்றான் டாமி. பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்காத குரல்.

"சத்தமா!"

"எட்டாம் படை!" மேசையைக் குத்தினான் டாமி. "எட்டாம் படைதான்! அவன் செத்ததும் அதுலதான்."

எட்னா ஏப்ரன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தன் கையால் தைத்த நூலைத் தானே அறுத்து, அந்த எட்டைச் சிரிலின் தட்டில், குழம்புக்குள் போட்டாள்.

"இத நீயே வெச்சுக்கோ. ஒண்ணுக்கு ரெண்டா மாட்டிக்கிட்டு அலை. அவருக்கு இது வேணாம். பேருதான் வேணும்."

இறைச்சியில் குத்தியிருந்த இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு பலகைக்குப் போனாள். ஐந்தாவது தங்கப் பெயருக்குக் கீழே கீறத் தொடங்கினாள். ஓக் மரம் லேசில் இடம் கொடுக்காது. சிரில் "புதுப் பலகை! புதுப் பலகை!" என்று கத்திக்கொண்டு எழுந்தான். டாமி அவன் கோட்டு வாலைப் பிடித்து உட்கார வைத்தான், பிடியை விடவும் இல்லை. மற்றவர்கள் யாரும் அசையவில்லை.

'என். ராப்சன்' என்று கோணல்மாணலாக எழுதி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு கம்பியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். புட்டிங்கைக் கொண்டுவந்து, சிரிலைத் தாண்டிப்போய், பதின்மூன்று பேருக்குப் பரிமாறினாள்.