குருவிகுளத்துக் கிணற்றில் கப்பல் சாமான்

பையைத் தோளில் மாட்டி ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், கிணற்றில் விழுந்ததை முங்கி எடுப்பது என் பிழைப்பு.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் மச்சான் காலில் மாட்டி நீந்துகிற துடுப்பு இரண்டு ஜோடி கொண்டுவந்தான். என் கல்யாணத்துக்கே சுறா கொண்டுவந்தவன், அது தனிக் கதை.

"ஒண்ண எடுத்துக்கிடுங்க அத்தான். மத்தத நான் கொண்டு போயிருதேன்."

ஒன்று முழங்கால் நீள ரப்பர். மற்றது அலுமினியத் தகட்டில் செருப்பு வார் போட்டது.

இன்று மச்சானும் கூட வந்தான். குருவிகுளத்தில் மோட்டார் குழாயின் வால்வு கழன்று கிணற்றடியில் கிடந்தது. தண்ணீரில்லாமல் மிளகாய்ச் செடி தலை தொங்கி நின்றது.

ரப்பரோடு முங்கினேன். அது சுவரில் இடித்து, சேற்றைக் கலக்கிவிட்டது. வெறுங்கையோடு ஏறினேன்.

சேறு தெளிய ஒரு பீடி நேரம். பிறகு தகட்டை மாட்டினேன்.

"வே, முங்கப் போறீரா, தோசை சுடப் போறீரா?" என்றார் தோட்டக்கார அண்ணாச்சி.

ஒரே மூச்சில் வால்வு மேலே வந்தது. கல்லில் பட்டுத் தகடு வளைந்திருந்தது. படியில் வைத்துத் தட்டினேன், நிமிர்ந்துவிட்டது.

"எனக்கு இது போதும் மச்சான். பையில கனமே தெரியாது."

"அந்த ரப்பரு கப்பல்ல வந்த சாமான் அத்தான்!"

"கப்பல்லயே திரும்பிப் போவட்டும்."

மச்சான் கோபத்தில் ரப்பரை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். வேண்டியவர்கள் சொல்லுங்கள், ஊரில் கடல் இருந்தால் மட்டும்.