ஏசி மண்டபத்தில் ஏறிய தோலும் இறங்கிய குழலும்

அன்று மேடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மிருதங்கம் வாசிக்கும் ராஜவேலு மாமா, புல்லாங்குழல் கல்பனா, மண்டப மேனேஜர், நான். சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கச்சேரிக்கு அரை மணி நேரம் இருந்தது.

கடலூரில் எனக்கு மிருதங்கம் மூட்டும் கடை. மாமாவின் மிருதங்கத்துக்கு முந்தின நாள்தான் வலப்பக்கத் தோல் மாற்றிச் சுருதியும் சேர்த்திருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன்; என் வேலையை நானே நம்ப மாட்டேன். கடையிலிருந்த மின்சாரச் சுருதிப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கூடவே போய்விட்டேன்.

கல்பனா ஊதினாள். மாமா தட்டினார். சுருதி சேரவில்லை.

"மாமா, ஒங்க மிருதங்கம் ஏறிக் கெடக்கு."

"ஒங் கொழல்தான் எறங்கிக் கெடக்கு. பெண்ணாடத்துக் கரும்ப எடுத்தாந்து ஊதுறியா?"

"பந்தயம் கட்டுறீங்களா? யாரு தப்போ அவுங்க நூறு ரூபா."

"கட்டுறேன்! தம்பி, தோலு மட்டும் தப்புன்னு வரட்டும், இனிமே ஒங் கடப் பக்கம் தல வச்சிப் படுக்க மாட்டேன்."

மாமா போனால் அவர் அனுப்பும் பத்துப் பேரும் போவார்கள். சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து ஒலிக்கவிட்டேன். பெட்டியைவிட மிருதங்கம் மேலே, குழல் கீழே. இரண்டுமே தப்பு!

அப்போதுதான் ஏசிக் காற்று என் பிடரியில் அடித்தது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாக ஓடும். குழலுக்குள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். தோல் நேர் எதிர். கடலூர்க் காற்றில் குடித்திருந்த ஈரத்தை ஏசி உறிஞ்சிவிட, காய்ந்த தோல் இறுகி வேகமாக அதிரும், சுருதி ஏறும். மின்சாரப் பெட்டிக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

"ஏசிய நிறுத்த முடியுமா சார்?"

"நிறுத்துனா மாப்ள வீட்டுக்காரங்க என் முதுவுல மிருதங்கம் வாசிப்பாங்க," என்றார் மேனேஜர்.

கல்பனா துளைகளை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் குழலுக்குள் வெதுவெதுப்பாக மூச்சு விட்டாள். நான் மிருதங்க விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்டித் தோலைத் தளர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டன. மாமா சந்தோஷத்தில் என் முதுகில், மூன்று முறை தட்டி முடிக்கும் ஒரு தீர்மானமே வாசித்துவிட்டார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: கருவி எந்தக் காற்றில் பாடப்போகிறதோ, அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் உட்காரவைத்த பிறகு சுருதி சேருங்கள்.

"அப்ப பந்தயம்?" என்றேன்.

"ரெண்டு பேருந்தான தோத்தோம். பெட்டி கொண்டாந்த அண்ணனுக்குத்தான் காசு," என்றாள் கல்பனா. மாமாவும் தலையாட்டினார்.

இன்றும் இருவரும் என் கடைக்கு வருகிறார்கள், டீ குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். இருநூறு ரூபாய் இன்னும் வரவில்லை.