ஆப்பிரிக்கா போன கல்யாணக் கேமரா

விறைத்து நிற்கும் மாப்பிள்ளையையே சிரிக்க வைக்கிறவனுக்குச் சிங்கம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். கேமரா தூக்கிய பாவத்துக்கு அவதிப்படும் சகாக்களே, நீங்களாவது அப்படி நினைக்காதீர்கள்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். டான்சானியாவில் அக்காவோடு குடியிருந்த வாத்தியார் அத்தான், சஃபாரிக்கு வா என்று எழுதினார். எதிரே இருந்த மளிகைக்கடை அண்ணாச்சி தெருவுக்கே கேட்கும்படி, "மெட்ராஸ்ல கூண்டுக்குள்ள கெடக்க சிங்கத்த எடுத்துட்டு வந்து ஆப்பிரிக்காம்பான், பாருங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாயை அடைக்க, ஷோகேஸில் மாட்ட ஒரே ஒரு படம் வேண்டும்.

தாடையைத் தூக்குங்க

ஜீப்புக்குப் பக்கத்திலேயே ஆண் சிங்கம். பழக்கதோஷத்தில், "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, இங்கன பாருங்க" என்றேன். பார்த்தது. பார்த்தபடியே எழுந்தது. நான் கேமராவோடு சீட்டுக்கடியில் பாய்ந்ததில் படத்தில் வெறும் புகைமூட்டம்தான் விழுந்தது. அத்தான் சொன்னார்: "ஏல, அது போட்டோவுக்கு வந்த மாப்பிள்ளை இல்ல. பந்திக்கு வந்திருக்கு. இலையில நாமதான்."

சாட்சி

யானை வந்ததும், ஜீப்பின் திறந்த கூரை வழியாக அக்கா எழுந்து நின்றாள். பட்டுப்புடவை, தோளில் கைப்பை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் முன்னால் அக்கா, மிச்சமிருந்த இடத்தில் யானை. நகரச் சொன்னேன்.

"ஆனைய மட்டும் எடுத்தா ஊர்ல எவம்ல நம்புவான்? நான் நின்னாத்தாம்ல சாட்சி!"

புள்ளி

கடைசி நாள், மரக்கிளையில் ஒரு சிறுத்தை மகாராஜா மாதிரி படுத்துக் கிடந்தது. ஊருக்கு வந்து பிலிமைக் கழுவினால், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணாச்சி தொலைந்தார் என்று துள்ளினேன். வானத்தில் மட்டும் ஒரு கீறல். எங்கள் ஸ்டூடியோவில் டச்சிங் பார்க்கும் சூசையிடம் அதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நெகட்டிவில் பென்சிலால் தடவி முகத்துத் தழும்பை மறைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

திரும்பி வந்தால், கிளைமேல் ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி! அழுகையே வந்துவிட்டது. சூசைக்கோ ஒரே பெருமை: "மூஞ்சி, மேலு பூரா அம்மைத் தழும்பு மொதலாளி. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்லா!"

பெரிய படம்

வேறு வழியில்லாமல் அக்காவையும் யானையையும் பெரிதாக்கி ஷோகேஸில் மாட்டினேன். மளிகைக்கடை அண்ணாச்சி வந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தார். நான் மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். நேரே வீட்டுக்குப் போனவர், சலவை வேட்டியில் மனைவியோடு திரும்பி வந்தார்.

"தம்பி, பின்னால தொங்குத படுதா பிரமாதம்! காது அசையுத மாதிரில்லா வரைஞ்சிருக்கான். எங்க ரெண்டு பேரையும் அந்த ஆனைக்கு முன்னால நிக்க வச்சு ஒண்ணு எடு."

மறுநாளே ஆள் பிடித்து யானைப் படுதா ஒன்று வரைய வைத்தேன். அதன் முன்னால் நின்ற அத்தனை பேரும் ஆப்பிரிக்காவுக்கே போய்வந்த களையோடு சிரித்தார்கள், நிஜமாகவே போய்வந்த நானோ கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.