ஏரிக்கரையில் பறித்துக்கொண்ட சாவி

எங்கள் வீட்டு வாசற்கதவு இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் பாதுகாப்புக்கென்று போட்டுக்கொடுத்த பூட்டு. சாவி இரண்டு. ஒன்றை நான் வைத்திருந்தேன். மற்றொன்றை என் மனைவி பக்கத்துக் குடிசைப் பெண்ணிடம் கொடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். மனைவிக்கு மூட்டுவலி, சட்டென்று எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாது. அதனால் அந்தப் பெண்ணே திறந்துகொண்டு வந்து, தண்ணீர் பிடித்து வைத்து, "அக்கா, அக்கா" என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவாள்.

மனைவி மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள் காலையில் பால் வாங்க வெளியே வந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. என் சாவி உள்ளே. குடிசையில் அவள் இல்லை. பனியனோடு ஏரிக்கரைக்குப் போனேன். நாலைந்து பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "சாவி எங்கம்மா?" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. மறுபடியும் கத்தினேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

பிடிக்கும் இறாலைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியை அவர்கள் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்தால் அதுவரை பிடித்தது அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். முப்பது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எனக்கு அது தெரியாதா? தெரிந்தும், திமிரில் பேசாமல் இருக்கிறாள் என்றே நினைத்தேன்.

அவள் கரையேறி வந்து, இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தாள்.

"சாவியத் தூக்கிட்டு ஏரிக்கு வருவியா? அறிவு வேணாம்?"

"எங்க வூட்டுக்குக் கதவா கீது சார்? வெறும் படலு. அக்கா நம்பிக் குடுத்ததை அங்க போட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் ஒருவர், "சார், அடுத்த வாட்டி நண்டாண்ட குடுத்து வெய்ங்க. புடிச்சா வுடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். அந்த ஆத்திரத்தில், "இனிமே இது உங்கிட்ட வேணாம்" என்று சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். அவள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள். சாவியைக் கொண்டுவந்து எங்கள் பீரோவில் பத்திரப்படுத்தினேன். பூட்டிய வீட்டைத் திறக்க வேண்டிய சாவியை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. மனைவியிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் வரும்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு கதவைத் திறந்தேன்.

மூன்று மாதம் கழித்து, கண்ணைக் காட்ட நான் பொன்னேரி போயிருந்தபோது மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அலறல் கேட்டு ஓடி வந்தவள் அந்தப் பெண்தான். ஜன்னல்களில் கம்பி. கதவோ தேக்கு. ஏரியில் பகுதிக்கு ஒரு நாளாக முறை வைத்து வலை போடுவார்கள்; அன்றைக்கு எங்கள் பகுதியின் முறை என்பதால் கதவை உடைக்க ஓர் ஆண் கரையில் இல்லை. யாரிடமோ போன் வாங்கி என்னைக் கூப்பிட்டாள். ஊர் திரும்பும் என் பஸ் அப்போது வழியிலுள்ள திருப்பாலைவனத்தைக்கூடத் தொடவில்லை. நான் வந்து சேரும்வரை, மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, காற்றுத் துவாரம் வழியாக, "கண்ண மூடாதக்கா, பேசிக்கினே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாவி எங்கே என்று மனைவி கேட்டதற்கு, "என்னாண்ட இல்லக்கா" என்றாளாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் மனைவி ஈரத் தரையில் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மகன், "இன்னொரு சாவி இருந்ததேப்பா?" என்றான்.

"அவகிட்டதான் குடுத்திருந்தோம். ஏரியில தொலைச்சிட்டா."

யோசிக்காமல் வந்த பொய். மகன் குடிசை வாசலில் போய் நின்று தெருவே கேட்கத் திட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

வாக்கரைப் பிடித்து நடக்கும் என் மனைவி தினமும் கேட்பாள்: "தொலைச்சா தொலைச்சிட்டுப் போறா. கோவமில்லன்னு சொல்லி அவள வரச் சொல்லுங்களேன்." எட்டு மாதம் இதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். போன மாதம் ஒருநாள் தாங்காமல் உண்மையைச் சொன்னேன். வாக்கரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். குடிசை வாசலில் அவள் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தப்பு என்மேல்தான், மன்னித்துவிடு என்று நின்றபடியே சொன்னேன்.

"எனக்குத் தெரியாததையா சொல்றீங்க? உங்க புள்ளையாண்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

அங்கேயே போனை ஸ்பீக்கரில் போட்டு, மகனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவன், "அவங்ககிட்ட குடுங்கப்பா" என்றான்.

அவள் கை நீட்டவில்லை. "அவராண்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல. சாயங்காலம் அக்காவப் பாக்க வரேன். நீங்க வூட்ல இருக்காதீங்க" என்றாள்.

இப்போது தினமும் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.