தங்கவயலில் ஐந்தாவது நிறுத்தம்

அவளை எனக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடிக்காமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புனேயின் பழைய பேட்டைகளில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போவது என் வழக்கம். வாடா என்கிற பழைய முற்றத்து வீடுகளின் மர வாசல்கள், தூர்ந்த கிணறுகள், சுவருக்குள் மறைந்துபோன பழைய நீர்க்குழாய்கள் என்று கண்ணில் படுவதையெல்லாம் காட்டுவேன். வாரத்தில் ஐந்து நாள் மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை. ஆறாம் நாள் தூக்கம். ஏழாம் நாள்தான் நான் உயிரோடிருக்கிற நாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று நடை முடிந்து எல்லோரும் மிசல் பாவ் விற்கிற கடையில் உட்கார்ந்திருந்தோம். அடுத்தது பெரியது என்று அறிவித்துவிட்டு ஃபோனில் படங்களைக் காட்டினேன். கோலார் பக்கத்துத் தங்கவயல். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கித் தங்கம் வெட்டிய ஊர். சுரங்கம் மூடப்பட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நான் அங்கே போனதில்லை, ஆனால் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். ஓர் ஓட்டுக் கட்டடத்தைக் காட்டி, "இதுதான் வெள்ளைக்காரர்கள் நடனமாடிய கிளப்" என்றேன்.

"அது ஆஸ்பத்திரி மேடம்."

மேசைக் கோடியில் முப்பது வயசுக்காரி ஒருத்தி பாவ் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் நனைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கக்கூட இல்லை.

"நான் பொறந்ததே அங்கதான். வெள்ளக்காரன் டான்ஸ் ஆடுன எடத்துலயா எங்கம்மா என்னப் பெத்தாங்கோ?"

எனக்குத் தமிழில் சொன்னதோடு விடவில்லை. மற்றவர்களும் சிரிக்கட்டும் என்று அதையே இந்தியிலும் ஒருமுறை சொன்னாள். சிரித்தார்கள். என் காது சூடானது. ஆனால் எனக்கு மூளை வேகமாக வேலை செய்யும், அதுதான் என் சாபம். அவமானம் இறங்குவதற்கு முன்பே, இவளைத்தான் வழிகாட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டேன்.

அவள் வீடு கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. கீழே வெல்டிங் பட்டறை, மேலே இரண்டு அறை. போசரியில் ஒரு தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்துத் தேர்வுசெய்கிற வேலை அவளுக்கு. நான் போனபோது அவளுடைய அப்பா சீருடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுரங்கம் மூடியதும் குடும்பத்தோடு புனே வந்தவர், இப்போது போசரியில் வேறொரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களின் பையையும் டிபன் பாக்ஸையும் திறந்து, செம்புக் கம்பி ஏதாவது போகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஊர்ல பாக்கறதுக்கு இன்னாம்மா கீது?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் என்னைப் படிக்கட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள். கீழே கிரைண்டர் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கத்திப் பேசினாள்.

"சுரங்கத்துக்குள்ள ஆளுங்களோட கூண்ட எறக்குற சக்கரம் காட்டறேன். தொழிலாளிங்க இருந்த லைன் வீடு காட்டறேன். தொரைங்க பங்களா, சயனைடு மேடு, எல்லாம் காட்டறேன். கேட்டு மட்டும் கெடையாது."

"எந்த கேட்டுங்க்கா?"

"சுரங்கத்துலேந்து மேல வர்றவங்கள சோதன போடுவாங்களே, அந்த ரூமு. அங்க நிக்க மாட்டேன். அதப்பத்தி எங்கப்பா காதுல ஒரு வார்த்த வுழக் கூடாது. வுழுந்துச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"ஏனுங்க்கா, என்ன ஆச்சு?"

"வேணாம்னா வேணாம். அதுக்கு ஒரு கதை வேணுமா ஒனக்கு?"

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சத்தியம் செய்வதல்ல என்று ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பிரச்சினை என்னவென்றால், எனக்கு அந்த கேட்தான் வேண்டியிருந்தது. சக்கரம், பங்களா, மேடு எல்லாம் படத்தில் இருக்கின்றன. இந்த அறையை யாரும் காட்டியதில்லை. தங்கம் கலந்த பாறைத்துண்டு ஒன்றை மறைத்து எடுத்துவந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொழிலாளியையும் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் சோதித்து அனுப்பிய அறை. மக்கள் வெறுமனே பார்க்கிற இடத்தை மறந்துவிடுவார்கள், ஏதாவது செய்கிற இடம்தான் மனசில் நிற்கும் என்பது நான் இந்த நடைகளில் கற்ற பாடம். ஆகவே ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் ஆளுக்கு ஒன்று. உடம்பில் எங்காவது ஒளித்துக்கொண்டு அறைக்குள் போக வேண்டும். பிடிபடாமல் மறுவாசல் வழியே வெளியே வந்தால் பரிசு.

பயணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒத்திகை வைத்தேன். அவளுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், வரவில்லை. வராதது வசதியாகத்தான் இருந்தது. ஒரு மராட்டிக்காரர் சாக்லேட்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒளித்துக் கொண்டுபோய் ஜெயித்தார். என்ன சிரிப்பு! என்ன கூச்சல்! "தீதி, பயணமே இதுக்காகப் போகலாம்" என்றார் ஒருவர். அன்றைக்கே நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுத்தேன். ஐந்தாவது நிறுத்தம்: சோதனை வாசல்.

பெங்களூரில் ரயிலை விட்டு இறங்கி, நாங்கள் இருவரும் கூட வந்த இருபத்திரண்டு பேரும் மினி பஸ்ஸில் ஏறியதும், இட்லிப் பொட்டலத்தோடு அந்தத் தாளையும் கொடுத்தேன். அவளுக்கும் ஒன்று கொடுக்கத்தானே வேண்டும்? படித்தாள். இட்லியைப் பிரிக்காமல் என் இருக்கைக்கு வந்து நின்றாள்.

"இது இன்னா?"

"அஞ்சு நிமிஷம்தானுங்க்கா. சின்ன கேம்."

"நான் இன்னா சொன்னேன்?"

"வேண்டாம்னீங்க. ஏன்னு சொல்லலையே."

"ஓ. காரணம் சொன்னாதான் மேடம் கேப்பாங்க. காரணம் புடிச்சாதான் வுடுவாங்க. பரீட்ச பேப்பரு திருத்தறியா நீ?"

"நீங்க அப்போ வெளியவே நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவ. நல்லா பாத்துக்குவ."

தாளை நாலாக மடித்து இட்லிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தன் இருக்கைக்குத் திரும்பினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தப்பு செய்கிறோம் என்று தெரிந்தபோது வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. நேர்மையான கோபத்தைவிட அது சூடு.

ஆனாலும் ஊருக்குள் போனதும் அவள் மாதிரி ஒரு வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. மரியாதை துளியும் கிடையாது, வேலை அவ்வளவு சுத்தம். துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில் அசையாமல் நின்ற பெரிய சக்கரத்தைக் காட்டி, அது எந்தப் பக்கம் சுற்றினால் கூண்டு இறங்கும், எந்தப் பக்கம் சுற்றினால் ஏறும் என்று கையால் சுற்றிக் காட்டினாள். பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் கடகடவென்று ஆடுமாம். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சக்கரத்தடிக்கு ஓடுவார்களாம். "இன்னும் எங்க வீட்ல மிக்சி போட்டா எங்கம்மா திரும்பிப் பாக்கும்" என்றாள். இப்போது தோண்டினால் தங்கம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். "தோண்டுங்க சார், பாம்பு கெடைக்கும்." தங்கத்தைப் பிரித்தெடுத்த கழிவு மண் சாம்பல் நிறத்தில் மலைபோல் கிடந்த சயனைடு மேட்டில் ஏறி ரீல்ஸ் எடுக்க இரண்டு பெண்கள் ஓடினார்கள். "ஏறுங்க, ஏறுங்க. காத்தடிச்சா அந்த மண்ணுதான் நாங்க சோத்துல தின்னது. நீங்களும் ருசி பாருங்க." இருவரும் இறங்கிவிட்டார்கள்.

நான்கு நிறுத்தமும் முடிந்து பஸ் சோதனை அறைக்கு முன்னால் நின்றது. அறை இவ்வளவுதானா என்றிருந்தது. ஒரு பக்கம் நுழைய ஒரு வாசல், மறுபக்கம் வெளியேற ஒரு வாசல், நடுவே கம்பி வைத்த சின்ன ஜன்னல். கூரை பாதி இல்லை. சாக்லேட் பையை அவிழ்த்து எல்லோருக்கும் கொடுத்தேன். ஒன்றை என் கைக்கடிகார வாரின் அடியில் செருகிக்கொண்டேன். அவள் சாலையோரமாக எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், என் வழிகாட்டி திரும்பி நிற்கிறாள்.

"அக்கா, செக்கிங் நீங்க பண்ணுனா நல்லாயிருக்கும். வாங்க" என்று இந்தியில் கூப்பிட்டேன்.

"மாட்டேன்."

"போசரியில உங்கப்பா தினமும் இதைத்தானே பண்றாரு?"

சொன்னபோதே தெரிந்தது. நாக்கு முந்திக்கொண்டது என்று சொல்லமாட்டேன். அது எங்கே குத்தும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவள் திரும்பினாள். நிதானமாக நடந்து வந்து அறைக்குள் போனாள். "நீ மொதல்ல வா" என்றாள்.

போனேன்.

"கையத் தூக்கு. இன்னும். இன்னும் மேல." கக்கம், இடுப்பு, பாக்கெட் எல்லாம் தடவினாள். "செருப்பக் கழட்டு. வெரல விரி." ஜடையை அவிழ்த்து மயிருக்குள் விரல் விட்டுத் துழாவினாள். காதை மடக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டளையையும் தமிழில் எனக்கும், இந்தியில் வெளியே நிற்கிறவர்களுக்கும் சொன்னாள். ஜன்னலில் ஃபோன்கள் தெரிந்தன. முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

"வாயத் திற."

திறந்தேன்.

"நாக்கத் தூக்கு. அப்டியே நில்லு, மூடாத." என் முகத்தைத் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அடுத்தது துணிய அவுக்கச் சொல்லணும். ஒனக்கு அத வுட்டுடறேன். எங்கப்பாவுக்கு வுடல. பள்ளிக்கூடம் லீவுன்னு அப்பாவக் கூட்டினு போலாம்னு வந்தேன், எட்டு வயசு. அந்த ஜன்னல்ல நின்னு பாத்தேன். அவரும் என்னப் பாத்தாரு. வாய மூட முடியல அவரால. மூடுனா மொதல்லேந்து சோதன போடுவான்." இதை மட்டும் அவள் இந்தியில் சொல்லவில்லை.

என் கடிகார வாரிலிருந்து சாக்லேட்டை உருவித் தரையில் போட்டாள். "ஆச்சு. போ."

மறுவாசல் வழியே வெளியே வந்தேன். கைதட்டினார்கள்.

இருபத்திரண்டு பேரும் தட்டினார்கள். "என்ன நடிப்பு! ரெண்டு பேரும் சேந்து ஒத்திகை பாத்தீங்களா?" என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர். என் தலைமயிர் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, வாயோரம் எச்சில். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். கையைத் தூக்கி, பரவாயில்லை பரவாயில்லை என்பதுபோல் காட்டினேன். அவள் அறைக்குள்ளிருந்து அதைப் பார்த்தாள். பிறகு எங்களோடு பஸ்ஸில் ஏறவில்லை. ரயிலடி எந்தப் பக்கம் என்று அவளுக்கு யாரும் காட்டத் தேவையில்லை.

ஜன்னல் வழியே எடுத்த வீடியோவை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். புனே திரும்பிய மறுநாளே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். எடுக்கச் சொல்லவில்லை. அடுத்த பயணம் எப்போது, எப்போது என்று அதன் கீழே ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். எடுக்கச் சொல்லி எழுதியபோது பத்து நாளாகிவிட்டிருந்தது, அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது.

போசரிக்கும் போயிருந்தது. அன்று சாயங்காலம் அவள் ஃபோனில் கூப்பிட்டாள்.

"எங்கப்பா நிக்கற கம்பெனி கேட்டாண்ட ஒருத்தன் அதப் போட்டுக் காட்டியிருக்கான். உங்க பொண்ணு நல்லா நடிக்குது தாத்தான்னு."

"அக்கா, நான் அதை..."

"பேசாத. நான் உள்ள சொன்னது எல்லாத்தையும் கேட்டுட்டு ஃபோனத் திருப்பிக் குடுத்திருக்காரு. அதுக்கப்புறம் ஒருத்தனையும் தொடல. டிபன் பாக்ஸ நீட்டுனா, மூடு, போன்னு சொல்லிக்கினே நின்னிருக்காரு. மூணு நாளு. நாலாவது நாளு வேலைக்கு வரவேணாம்னுட்டாங்க. இருவது வருஷமா நான் பாக்காத மாதிரி இருந்தேன். அவரு, நான் பாக்காத மாதிரியே இருந்தாரு. அத வெச்சுதான் ஒரே வீட்ல சோறு தின்னோம். இப்ப என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாரு."

"மன்னிச்சிருங்க்கா."

"அத ஒன் தாளுல ஆறாவது ஸ்டாப்பா போட்டுக்க."

வைத்துவிட்டாள். கசார்வாடிக்கு இரண்டு முறை போனேன். முதல்முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை அவளுடைய அப்பா திறந்தார், என்னை அடையாளம் கண்டார், சத்தமில்லாமல் மூடினார். நான் படிக்கட்டில் இறங்கினேன். பட்டறைக்காரன் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கிக்கொண்டான்.

அவள்மேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது. அவள் பக்கம்தான் நியாயம் என்பது வேறு விஷயம். நியாயம் அவ்வளவும் ஒருத்தியிடமே இருந்தால் மற்றவள் என்னதான் செய்வாள், கோபப்படாமல்?

போன வாரம் மூக்குக்கண்ணாடிக்காரர் எங்கள் வாட்ஸாப் குழுவில் எழுதினார்: தங்கவயல் மறுபடி எப்போது, தன் தம்பி குடும்பமும் வருகிறது. இனி அந்தப் பயணம் கிடையாது என்று எழுதினேன். ஏன் என்றார். உண்மையைத் தட்டச்சு செய்தேன், அழித்தேன், மறுபடி செய்தேன். கடைசியில் வழிகாட்டி கிடைக்கவில்லை என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது, கைகூப்பிய படத்தோடு: "அதனால் என்ன தீதி? சோதனையை நீங்களே செய்யுங்கள். எப்படி என்றுதான் பார்த்துவிட்டீர்களே."